நாங்கள் முதலுதவி கற்றுக்கொண்ட ஞாயிறுகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மின்விசிறி மோட்டாருக்கான பாகங்களைச் செய்தார்கள். முன்பக்கம் பிரஸ் ஷாப். பெரிய பெரிய பிரஸ் மெஷின்களில் தகடு வெட்டும் இடம், முழுக்க ஆண்கள். பின்பக்கம் வைண்டிங். செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றும் இடம், முழுக்கப் பெண்கள். நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் மெஷின் இறங்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் எங்கள் நாற்காலி அதிரும். சேர்ந்த புதிதில், ரயிலேறி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்து படுத்த பிறகும் அந்த அதிர்வு என் காலில் இருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் எங்கள் வைண்டிங் பெண் ஒருத்தி, ஸ்டோருக்குப் போகும் வழியில் பிரஸ் ஷாப் நடுவில் மயங்கி விழுந்துவிட்டாள். மெஷின்களை நிறுத்திவிட்டு ஆண்கள் சுற்றி நின்றார்கள். யாரும் தொடவில்லை. ஒருவர் அட்டையால் விசிறினார். ஒருவர் அவள் கைக்குள் சாவிக்கொத்தைத் தள்ளிவிட்டார், வலிப்பாக இருக்கும் என்று. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வயசுப் பெண்ணைத் தொட்டுப் புரட்டினால் பிறகு யார் என்ன பேசுவார்களோ என்ற கூச்சம். நாங்கள் விஷயம் தெரிந்து ஓடிவந்து பார்த்தபோது அவள் குப்புறக் கிடந்தாள். மூக்கு தரையில் அழுந்தியிருந்தது. புரட்டிப் போட்டதும் பெரிய மூச்சாக ஒன்று இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அங்கிருந்த எல்லோருக்கும் எவ்வளவு நேரம் சும்மா நின்றோம் என்று உறைத்தது.

அதன் பிறகு மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். எஸ்டேட் கம்பெனிகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் முதலுதவிப் பயிற்சி ஒன்று தொடங்கியிருந்தது. கட்டுப் போடுவதோடு நிற்காமல் மெஷினில் கை மாட்டினால், கரண்ட் அடித்தால், ஆசிட் தெறித்தால், மூச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி. அதற்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்புவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்கப் பெண்கள் யாரும் தயாராக இல்லை. நான் உடனே கையைத் தூக்கினேன். சேவை மனப்பான்மை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். உண்மையில் அப்போது எங்கள் வீட்டுக்கு ஞாயிறு தவறாமல் யாராவது என்னைப் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். ராணுவ டேங்க் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஆவடி முழுக்க இருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு மாப்பிள்ளையை வைத்திருந்தார்கள். கம்பெனியே ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறது என்றால் அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆண்கள் பக்கத்திலிருந்து வந்தவன் டை செட்டர். பிரஸ் மெஷினில் வெட்டு அச்சைப் பொருத்தி, அளவு பார்த்துக் கொடுப்பது அவன் வேலை. என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவன். எஸ்டேட் வருவதற்கு முன்பே அங்கே நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். நல்ல உயரம், அகலமான தோள், உரத்த குரல். முதல் நாளே, "யக்கா, உனுக்கு இன்னா சந்தேகம் வந்தாலும் என்னாண்ட கேளு. நான் கீறேன்ல," என்றான், எல்லாவற்றையும் படித்து முடித்தவன் போல.

பயிற்சி கொடுத்தவர் நாற்பது வயதுப் பெண்மணி, ஒரு தொழிற்சாலை மருத்துவமனையில் நர்ஸ். குரலை உயர்த்த மாட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவருவார். அதுதான் ரத்தம். யாராவது ஒருவர் கீழே படுக்க வேண்டும். அவர் அந்தத் தண்ணீரைக் கையிலோ காலிலோ ஊற்றிவிட்டு, "அடிபட்டாச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துகொள்வார். எல்லோரும் பாய்ந்து போவோம். "நில்லுங்க. மெஷினை யார் நிறுத்தினது? உங்க கையும் போகணுமா?" என்பார். அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ தடவை கேட்டும் அடுத்த வாரம் மறுபடி பாய்வோம்.

மூச்சு கொடுத்துப் பழக ஒரு பொம்மை இருந்தது. வெளிநாட்டுப் பொம்மை, இடுப்புக்கு மேல் மட்டும். ஆண்கள் வரிசையாக ஊதிவிட்டுப் போனார்கள். என் முறை வந்தபோது கூடமே அமைதியாகிவிட்டது. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முப்பது ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ரப்பர் வாயில் வாய் வைக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போது டை செட்டர் எழுந்து மற்றவர்களைப் பார்த்து, "இன்னாய்யா வேடிக்கை? எல்லாரும் ஜன்னலாண்ட திரும்புங்க," என்றான். பாதிப்பேர் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். நான் ஊதினேன். பொம்மையின் மார்பு மெல்ல எழும்பியது. அன்றிலிருந்து அவன்மேல் எனக்கு ஒரு மரியாதை.

வகுப்பிலேயே அவன்தான் கெட்டிக்காரன். பொம்மையின் மார்பைச் சரியான இடத்தில் சரியான ஆழத்துக்கு அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அவன் அழுத்தினால் கடிகாரம் போல வரும். முக்கோணத் துணியை ஒரு நொடியில் தோள்கட்டாக மாற்றிவிடுவான். டீ நேரத்தில் வாட்ச்மேன், கேன்டீன்காரர் என்று அகப்பட்டவர்களுக்கெல்லாம் கட்டுப் போட்டுப் பழகுவான். கடைசி ஞாயிறு தேர்வில் அவன்தான் முதல். பிளாஸ்டிக் பேட்ஜ் ஒன்று கொடுத்தார்கள், சிவப்பில். அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டுதான் வேலைக்கு வருவான்.

அடுத்த கோடையில் அந்த விபத்து நடந்தது. மதிய சாப்பாட்டுக்குப் பிறகு, தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்த நேரம். முதலில் ஓர் அலறல். பிறகு ஒவ்வொரு மெஷினாக நின்றது. பிரஸ் ஷாப் அமைதியாவது ஷிப்ட் முடியும்போது மட்டும்தான் நடக்கும். அதனால் எங்களுக்கெல்லாம் அந்த அமைதியிலேயே தெரிந்துவிட்டது. நான் முதலுதவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அடிபட்டவர் பிரஸ் ஆபரேட்டர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அவர் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. டை செட்டர் எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டான். மெயின் சுவிட்சை அணைத்தது அவன்தான். "மாமா, உக்காரு மாமா," என்று அவர் தோளைப் பிடித்தான். பிறகு அந்தக் கையைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். அவன் உதடு வெளுத்தது. சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கி உட்கார்ந்தான். தலை தொங்கிவிட்டது.

இரண்டு பேரையும் ஒரு நொடி மாறிமாறிப் பார்த்தேன். அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "அவனைக் கீழே படுக்க வெச்சு காலைத் தூக்கிப் பிடிங்க," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு ஆபரேட்டரிடம் போனேன். அவரையும் படுக்கவைத்து, பஞ்சுத்துணியைக் கத்தையாக வைத்து அழுத்தி, கையை மேலே தூக்கினேன். சூடான ரத்தம் என் முழங்கை வரை வழிந்தது. ஆரத்தித் தண்ணீருக்கு இந்த வாசனை கிடையாது.

யாரோ மணிக்கட்டில் சணல் கயிற்றைக் கட்டப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். சூப்பர்வைசர் கேன்டீனிலிருந்து காப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். "இதை வெச்சு அமுக்கும்மா, ரத்தம் நிக்கும்!" டப்பா மூடியைத் திறக்க வராமல் திருகிக்கொண்டே இருந்தார். எப்போதும் எங்களை அதட்டிக்கொண்டே இருக்கும் மனிதர்.

"சார், அதைக் கீழ வைங்க. நீங்க வந்து இந்தத் துணியைப் பிடிங்க. விடாம அழுத்தணும். கை இதே உயரத்துல இருக்கணும்."

"நானா?"

"நீங்கதான் சார்."

டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டுப் பிடித்தார். நன்றாகவே பிடித்தார்.

விரல்களைத் தேட வேண்டும். அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷினுக்குப் பின்னால் வெட்டுத்தகடுகள் விழும் தொட்டியில் நானே பார்த்தேன். தகடுகளுக்கு நடுவில் இருந்தன, ஒன்று ஐம்பொன் மோதிரத்தோடு. இன்னொன்று நசுங்கியிருந்தது. ஈரத்துணியில் சுற்றி, வைண்டிங் ஸ்டோரிலிருந்து புது பாலிதீன் பை ஒன்று கொண்டுவரச் சொல்லி, அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். "ஐஸ் வேணும். யாராவது போங்க," என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எங்கே போவது என்று யாருக்கும் தோன்றவில்லை.

"நான் போறேன்," என்று ஒரு குரல். டை செட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருந்தான். அவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "ஐஸ் தானே, நான் எடுத்தாறேன்." தள்ளாடிக்கொண்டே வெளியே ஓடினான்.

வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ஆபரேட்டரை ஏற்றுவதற்குள் அவன் வந்துவிட்டான். எஸ்டேட் முனையில் கரும்புச்சாறு வண்டி ஒன்று நிற்கும். அந்த வண்டிக்காரர் சாக்கில் சுற்றி உமி தூவி வைத்திருந்த ஐஸ் பாளத்தை முழுசாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். முதுகெல்லாம் தண்ணீரும் உமியும். பின்னால் கரும்புச்சாறுக்காரர், ஐஸ் உடைக்கும் சுத்தியலோடு கத்தியபடி. வேனையும் அதில் இருந்தவரையும் பார்த்ததும் அந்த மனிதர் கத்துவதை நிறுத்தினார். தன் சுத்தியலால் தானே ஐஸை உடைத்துக் கொடுத்தார். கேன்டீன் வாளியில் ஐஸை நிரப்பி, அதன்மேல் ஒரு துணியைப் போட்டு, விரல் இருந்த பையை வைத்தேன். ஐஸில் நேராகப் படக்கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"நீயும் வா," என்றேன் அவனிடம்.

"என்னால முடியாதுக்கா," என்றான். அழுதுகொண்டிருந்தான்.

நானும் சூப்பர்வைசரும் போனோம். பாடி ஜங்ஷன் வரை வண்டிகள் ஊர்ந்தன. ஆபரேட்டர் உதடு காய்ந்து, "யம்மா, தண்ணி குடு. ஒரு வாய்," என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், வயிற்றில் ஒன்றும் இருக்கக்கூடாது. "ஆஸ்பத்திரி வந்துரும் அண்ணே," என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "வெரலு வருதா நம்மளோட?" என்று கேட்டார். வருகிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மோதிரம் போட்டிருந்த நடுவிரலை ஒட்டவைத்தார்கள். ஆள்காட்டி விரலை ஒன்றும் செய்ய முடியவில்லை. வாளியை வாங்கிக்கொண்ட டாக்டர், "ஐஸ்ல நேரா போடாம கொண்டுவந்தீங்களே, நல்லது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் வெளியே போய் டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

கம்பெனியில் என்னைப் பாராட்டினார்கள். அவனை விடவில்லை. 'மயக்கம் மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். அவன் போகும்போது யாராவது பொத்தென்று கீழே விழுந்து காட்டுவார்கள். சட்டையில் பேட்ஜ் காணாமல் போனது. கேன்டீனுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். ஒரு நாள் கிரைண்டிங் ரூம் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் போய் உட்கார்ந்தேன்.

"ரத்தத்தைப் பாத்து வந்த மயக்கம் இல்லக்கா அது," என்றான் அவனே. "பொம்மைக்கு எங்க மாமா மூஞ்சி கெடயாது. அவரு எங்க தெருக்காரு. என்ன இந்தக் கம்பெனில சேத்து உட்டதே அவருதான். அந்த மெஷின்ல கார்டு இருந்துச்சு பாரு, கை உள்ள போவாம தடுக்கற கம்பி வலை. அத்தக் கழட்டுனது நான். எல்லா மெஷின்லயும் நான்தான் கழட்டுவேன். பீஸ் வேகமா வரும்னு எல்லாரும் கேப்பாங்க. கழட்டிக் குடுத்துருவேன். அன்னிக்கி அந்தக் கையப் பாத்தவொடனே அந்த ஸ்க்ரூ டிரைவர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு."

"நீ கொண்டுவந்த ஐஸ்லதான் விரல் நின்னுது," என்றேன். அது உண்மை. ஆனால் அவன் கேட்க விரும்பிய பதில் அது இல்லை என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மாமாவைப் போய்ப் பாத்தியா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். ஒரே தெருவில் இருந்துகொண்டு வேறு பாதையில் சுற்றி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த வாரம் நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். வராமல் இருந்துவிடுவான் என்று பயந்து, கேட்டிலேயே காத்திருந்து கையோடு அழைத்துப் போனேன்.

ஆபரேட்டர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய கட்டு. எங்களைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டு, "ஊட்டுக்கு யாரு வந்துகீறாங்க பாரு," என்றார். டை செட்டர் வாசலிலேயே நின்றான். உட்காரவில்லை. கார்டைப் பற்றித் திக்கித் திணறிச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டேய், கழட்டச் சொல்லிக் கேட்டது யாரு?"

"நீதான் மாமா. ஆனா..."

"நானும் கேட்டேன், அந்தச் சூப்பர்வைசரும் வேணான்னு சொல்லல. எல்லாரும் சேந்துதான் பண்ணோம். நீ மட்டும் ஏன் தூக்கிக்கினு திரியற?" பிறகு நல்ல கையால் கட்டிலைத் தட்டினார். "உக்காரு. எம்மாம் நாளா இந்தத் தெருவுல உன் சைக்கிளு மணியே காணோமேன்னு கேட்டுக்கினு இருந்தேன்."

அவன் உட்கார்ந்தான். அவர் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

அடுத்த நாள் காலை ஷிப்டில் அவன் ஒரு காரியம் செய்தான். எல்லா மெஷினிலும் கார்டைத் திரும்ப மாட்டினான். மாட்டாத மெஷினுக்கு அச்சுப் பொருத்தித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆபரேட்டர்கள் சண்டைக்கு வந்தார்கள். சூப்பர்வைசரிடம் போய் முறையிட்டார்கள். அன்று ரத்தத் துணியைப் பிடித்திருந்த அந்த மனிதர், "அவன் சொல்றபடி செய்யுங்க," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உற்பத்தி குறைந்ததற்கு மேனேஜரிடம் அவர் வாங்கிய பேச்சு எங்கள் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. அதன் பிறகு கேலி மெல்லக் குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆபரேட்டர் பல மாதம் கழித்து ஸ்டோர் வேலைக்குத் திரும்பினார். ஒட்டவைத்த விரல் மடங்காது, நீட்டியபடியே நிற்கும். குளிர் நாளில் வலிக்கும் என்பார்.

அடுத்த வருஷம் மறுபடி பயிற்சி வந்தது. தேறியவர்களும் ஒரு நாள் வந்து நினைவுபடுத்திக்கொண்டு போக வேண்டும். டை செட்டர் வருவானோ மாட்டானோ என்று இருந்தேன். வந்தான். கூடவே ஆபரேட்டரும் வந்தார். அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. நர்ஸிடம் நேராகப் போய், "யம்மா, எனக்கும் கத்துக்குடுங்க," என்றார். நர்ஸ் அவர் கையைப் பார்த்தார். முடியாது என்று சொல்லவில்லை. "கட்டு முடிச்சு இடது கையால போடப் பழகணும், பரவால்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று நர்ஸ் சொம்பைக் கொண்டுவந்து, யார் படுக்கிறீர்கள் என்று கேட்டபோது ஆபரேட்டர்தான் படுத்தார். டை செட்டர் அவர் பக்கத்தில் மண்டியிட்டான். கையில் ஆரத்தித் தண்ணீர் வழிந்ததும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். நர்ஸும் பார்த்தார். ஆபரேட்டர் படுத்தபடியே, "மாப்ள, கையப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு. பேசிக்கினே கட்டு," என்றார். அவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஏதோ தெருக்கதை கேட்டுக்கொண்டே, கை தானாக வேலை செய்ய, கட்டி முடித்தான். வேகமாக இல்லை. முதல் வருஷம் கட்டியதைவிடத் தளர்வாகவும் இருந்தது. நர்ஸ் ஒரு சுற்று அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். கட்டினான்.

பிறகு நர்ஸ் ஆபரேட்டரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, "அடிபட்டவர் என்ன நினைக்கிறார்னு நான் இத்தனை வருஷத்துல யாரையும் பேச வெச்சதில்ல. நீங்க சொல்லுங்க," என்றார்.

அவர் கூச்சத்தோடு எங்களைப் பார்த்தார். "வலி அப்ப ஒண்ணும் தெரியல. தாகந்தான். தொண்டை கிழிஞ்சிபோற தாகம். இந்தப் பொண்ணு பக்கத்துலயே குந்திக்கினு ஒரு சொட்டுத் தண்ணி தரல. வேன்ல வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள அதை அப்படித் திட்டினேன்," என்று என்னைக் காட்டினார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. "தரக்கூடாதுன்னு அப்பால டாக்டரு சொன்னாரு. சரி. ஆனா ஏன் தரலேன்னு அப்பவே என்னாண்ட சொல்லியிருந்தா, நானும் தாங்கிக்கினு வந்திருப்பேன் இல்ல?"

நர்ஸ் தலையசைத்தார். "ஈரத்துணியால உதட்டை மட்டும் தொடைக்கலாம். ஏன் தண்ணி தரலேன்னு காரணத்தைச் சொல்லலாம். இனிமே ரெண்டையும் சேத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்," என்றார்.

சாயங்காலம் வகுப்பு முடிந்து மூன்று பேரும் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஆபரேட்டர் இடது கையாலும் பல்லாலும் முக்கோணத் துணியில் முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். போட்டதும் அது அவிழ்ந்துவிடும். டை செட்டர் உதவிக்குக் கை நீட்டினான். "உடு, நானே போடுவேன்," என்று துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.